எட்டு என்று சொல்லாத வீடு

பவுனம்மாளைப் பற்றிச் சொல்வதென்றால் அவள் குரலில்தான் ஆரம்பிக்க வேண்டும். செஞ்சி பஸ் ஸ்டாண்டில் அவித்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, விற்றவள் அவள். கூடையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு "மல்லாட்டேய்ய்" என்று ஓர் இழுப்பு இழுத்தாளானால், திருவண்ணாமலை பஸ்ஸில் வாயைப் பிளந்து தூங்குகிறவன் எழுந்து சட்டைப் பையைத் தடவுவான். ராஜகிரிக் கோட்டை உச்சியில் இருக்கிற குரங்குகள் அந்தக் குரலைக் கேட்டு வரிசையாக இறங்கி, கோட்டை வாசலில் வாட்ச்மேனிடம் வழி விசாரித்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு வந்ததை நானே பார்த்தேன். நம்பாதவர்கள் குரங்குகளிடம் கேட்டுக்கொள்ளலாம்.

இது கட்டுக்கதை என்று வைத்துக்கொண்டாலும், இனி சொல்லப்போவது அப்படியல்ல. அந்தக் குரல்காரிக்கு எண்பத்து மூன்றாம் வருஷம் அழத் தெரியாத ஒரு பெண் குழந்தை பிறந்தது.

பவுனம்மாள் சிங்கவரத்துப் பெண். செஞ்சி நெல் மண்டியில் மூட்டை தூக்கும் ஜெயராமனுக்கு வாழ்க்கைப்பட்டு எங்கள் தெருவுக்கு வந்தாள். அவன் பேசுவதே அபூர்வம். வீட்டில் இருவருக்கும் வேண்டிய பேச்சை அவளே பேசிக்கொள்வாள். கல்யாணமாகி ரொம்ப நாள் கழித்துத்தான் வயிற்றில் ஒன்று தங்கியது. கூடையைக் கீழே வைக்கச் சொல்லி எல்லாரும் சொன்னார்கள். "வயித்துல இருக்கிறது என்னோடதானே வருது, தனியா டிக்கெட் கேக்கலியே" என்று சொல்லிவிட்டுக் கூவப் போய்விட்டாள்.

ஒருநாள் பாண்டிச்சேரி பஸ்ஸின் ஜன்னலுக்குக் கையை நீட்டியபடியே அப்படியே குனிந்துவிட்டாள். பனிக்குடம் உடைந்துவிட்டது. அந்த பஸ்ஸின் கண்டக்டர் அன்வர் பாஷா விசிலை எடுத்து ஊத, டிரைவர் ரூட்டை மறந்து பஸ்ஸை அரசு ஆஸ்பத்திரிக்குத் திருப்பினார். ஒரு பயணி விடாமல் கூடவே வார்டு வாசல் வரை வந்தார்கள். மல்லாட்டைக் கூடை மட்டும் பாண்டிச்சேரி போய்விட்டு வந்தது.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் கேட்டாள்: "எத்தனை மாசம்மா?"

பவுனம்மாள் வாயைத் திறப்பதற்குள் மாமியார் ராஜம்மாள் முந்திக்கொண்டாள். "ஏழு."

"எட்டு முடியப் போவுதே, அத்தை..."

"வாயை மூடுடி. ஏழுன்னா ஏழு."

நம் பக்கத்தில் இப்படி ஒரு நம்பிக்கை உண்டு. ஏழாம் மாசத்தில் பிறந்தது பிழைத்துக்கொள்ளுமாம், எட்டாம் மாசத்தில் பிறந்தது தங்காதாம். வயிற்றில் கூட ஒரு மாசம் இருந்துவிட்டு வந்த பிள்ளைக்கு அதனால் என்ன கெடுதல் வந்துவிடும் என்று யாரும் யோசித்ததில்லை. ராஜம்மாளை மட்டும் நான் குறை சொல்ல மாட்டேன். ஜெயராமனுக்கு முன்னால் அவளுக்குப் பிறந்த இரண்டும் எட்டாம் மாசத்தில் பிறந்து, தொட்டில் கட்டுமுன்பே போய்விட்டவை. வயற்காட்டில் களை பிடுங்கிய கையோடு பெற்றாள், அதே கையோடு புதைத்தாள். அவளிடம் போய் எட்டும் ஏழும் ஒன்றுதான் என்று யார் சொல்வது?

குழந்தை கோழிக்குஞ்சு போல இருந்தது. மீனாம்பாள் என்று பெயர் வைத்தார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்த அன்றே ராஜம்மாள் ஒரு சட்டம் போட்டாள்: இந்தப் பிள்ளை காதில் எட்டு என்ற சொல் விழக் கூடாது. கேட்டால், நம்மைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று உயிர் கிளம்பிவிடும்.

அந்த வீட்டு வாசலில் நின்று பேசிப் பார்த்தவர்களுக்குத்தான் அந்தச் சங்கடம் தெரியும். எட்டணாவை அரை ரூபாய் என்றார்கள், சரி. மணி எட்டானால் "ஏழு தாண்டிப் போச்சு" என்றார்கள், அதுவும் சரி. வெளியே யார் என்று எட்டிப் பாரு என்று சொல்ல முடியாது. கழுத்தை நீட்டிப் பாரு. பரணில் இருக்கும் பானை கைக்கு எட்டவில்லை என்று சொல்ல முடியாது, கை குட்டையாகிவிட்டது. நாட்டு வைத்தியர் ஒருவர் வந்து ஏதோ மருந்துக்கு எட்டிக்காய் என்று ஆரம்பித்ததும், ராஜம்மாள் அவரை விளக்குமாற்றோடு தெருமுனை வரை வழியனுப்பினாள். எதிர் வீட்டு எட்டியப்பன் அந்தத் தெருவைவிட்டே குடிபோனான் என்பார்கள். அவன் வேறு காரணத்துக்காகப் போனான், ஆனால் இந்தக் காரணம்தான் நன்றாக இருக்கிறது.

குழந்தையின் மஞ்சள் காமாலை இறங்கவில்லை. பால் குடிக்க ஆரம்பித்தால் பாதியிலேயே தூங்கிவிடும். மூன்று வாரம் பார்த்துவிட்டு, அன்வர் பாஷாவின் பஸ்ஸிலேயே பாண்டிச்சேரி பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே குழந்தை மருத்துவர் சுந்தராம்பாள், குறைமாசத்துக் குழந்தைகளின் தைராய்டு பற்றி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். அந்த நாளில் நம் பக்கத்தில் இந்தச் சொல்லைக் கேட்டவர்களே கிடையாது. பவுனம்மாள் கடைசி வரை அதைத் 'தய்ராடு' என்றுதான் சொன்னாள்.

"கழுத்துல ஒரு சுரப்பி இருக்குதும்மா. பட்டாம்பூச்சி மாதிரி. அதுல ஊறுற சத்து ரத்தத்துல போய்ச் சேரணும். ரத்தம் எடுத்து மெட்ராசுக்கு அனுப்பறேன். எத்தனை மாசத்துல பொறந்தா?"

"ஏழு" என்றாள் ராஜம்மாள். பவுனம்மாள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மெட்ராசிலிருந்து முடிவு வந்ததும் டாக்டர் கூப்பிட்டு அனுப்பினார். சத்தின் அளவு குறைவுதான். ஆனால் டாக்டர் பயப்படவில்லை.

"சுரப்பி வேலை செய்யலைன்னா, மூளை மேல இருந்து அதை அதட்டும். அந்த அதட்டலையும் ரத்தத்துலயே அளக்கலாம். இவளுக்கு அதட்டல் அதிகமா இல்ல. ஏழாம் மாசத்துல பொறந்ததுங்களுக்கு இப்படித்தான் கம்மியா இருக்கும். இன்னும் வயித்துல இருக்க வேண்டிய பிள்ளை இல்லையா? போகப் போகத் தானா ஏறும். அடுத்த மாசம் கொண்டு வாங்க, மறுபடி பாத்துடுவோம்."

திரும்பும்போது ராஜம்மாள் பஸ்ஸில் ஜன்னல் சீட்டுக்குச் சண்டை போட்டு உட்கார்ந்தாள். "பாத்தியா? ஏழுன்னு சொன்னதுக்கு ஊசி இல்ல, மருந்து இல்ல."

அதற்குப் பிறகு மீனாம்பாள் தெருவின் செல்லப்பிள்ளையானாள். அழுவதில்லை. ராத்திரியில் யாரையும் எழுப்புவதில்லை. எப்போதாவது அழுதாலும், தூரத்தில் ஒரு பூனை தொண்டை கட்டிக்கொண்டு கத்துவது போல இருக்கும். "சமத்து, சமத்து" என்று வந்தவர் போனவரெல்லாம் திருஷ்டி கழித்தார்கள். பவுனம்மாளுக்கும் பெருமை. மறுபடி கூடையைத் தூக்கியபோது பிள்ளையையும் பஸ் ஸ்டாண்டுக்கே கொண்டு போனாள். புங்க மரத்துக் கிளையில் புடவையால் தூளி கட்டி, பக்கத்தில் நின்று கூவினாள். பிள்ளை தூளியில் சுகமாகத் தூங்கியது.

அன்வர் பாஷாதான் முதலில் சொன்னார். வேடிக்கையாகத்தான் சொன்னார்.

"யக்கா, உன் பொண்ணை எங்க கம்பெனியில சேத்துடு. டிரைவர் ஆரன் அடிச்சா மசானத்துல படுத்திருக்கிறவங்கூட எழுந்து டிக்கெட் கேப்பான். இது இமைகூட ஆட்டலியே!"

"உன் பஸ் ஆரனு ஒரு ஆரனா பாய்? ஆடு தும்முற மாதிரி இருக்குது. என் பொண்ணு தூங்கத்தான் செய்வா."

"உன் சத்தத்துக்கும் எழுந்துக்கலியே யக்கா."

அவர் சிரித்துக்கொண்டே பஸ் ஏறிப் போய்விட்டார். பவுனம்மாள் சிரிக்கவில்லை. தூளிக்குள் குனிந்து, மகளின் காதோரம் தன் முழுத் தொண்டையையும் திறந்து "மல்லாட்டேய்ய்" என்று கூவினாள். பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பார்த்தது. பிள்ளை கண்ணைத் திறந்தது, மெல்ல மூடிக்கொண்டது. அவ்வளவுதான்.

அன்று சாயங்காலம் கூடையில் மீதியிருக்கும்போதே அன்வர் பாஷா வீட்டுக்குப் போனாள். அவர் மனைவி கமருன்னிசாவுக்கும் மீனாம்பாளுக்குச் சில வாரம் முன்னால்தான் குழந்தை பிறந்திருந்தது. அது நிஜமாகவே ஏழாம் மாசத்துப் பிள்ளை, வம்சத்தில் யாரும் பொய் சொல்லாத ஏழு. கமருன்னிசா பையனைப் பாயில் குப்புறப் போட்டிருந்தாள். அவன் தலையைத் தூக்கினான். பவுனம்மாளின் புடவைப் பூவைப் பார்த்துப் பொக்கை வாயால் சிரித்தான்.

"உன்னுது இன்னா செய்யுது பவுனக்கா? சிரிக்கிறாளா?"

"தூங்குறா" என்றாள் பவுனம்மாள். மேலே பேச்சு வரவில்லை. அவளுக்குப் பேச்சு வராமல் போனது அன்றுதான் முதல் தடவை என்று கமருன்னிசா பிற்பாடு என்னிடம் சொன்னாள்.

டாக்டர் சொன்ன நாள் வர இன்னும் சில நாள் இருந்தது. பவுனம்மாள் காத்திருக்கவில்லை, மறுநாள் காலையே கிளம்பிவிட்டாள். ஏழு காப்பாற்றும் என்று சொல்லிக்கொண்டே மாமியாரும் கூட வந்தாள். ஜெயராமன் மண்டிக்குப் போகாமல் பின்னாலேயே வந்து, பஸ்ஸின் படியில் தொங்கிக்கொண்டான்.

டாக்டர் பிள்ளையைத் திருப்பிப் போட்டுப் பார்த்தார். வயிறு உப்பியிருந்தது, நாக்கு கொஞ்சம் தடித்திருந்தது, தோல் உலர்ந்திருந்தது. நெற்றியைச் சுருக்கினார். ஆனாலும் அவர் கணக்கில் அது ஏழு மாசத்துக் குழந்தைதானே.

"கொஞ்சம் மந்தமா இருக்கிறா. ஆனா ரெண்டு மாசம் முன்னாடி பொறந்தவ, அந்த ரெண்டு மாசத்தையும் கழிச்சிட்டுத்தான் பாக்கணும். பொறந்த நாளை வெச்சுப் பாக்கக் கூடாதும்மா."

"அந்தச் சத்தை மாத்திரையாக் குடுக்க முடியாதா டாக்டரம்மா?"

"முடியும். ஆனா தேவைப்படாத குழந்தைக்குக் கொடுத்தா நெஞ்சு படபடன்னு அடிக்கும், எடை ஏறாது. குறைமாசத்துப் பிள்ளைங்க எல்லாத்துக்கும் கொடுத்தா பின்னாடி நல்லதா, கெட்டதான்னு பெரிய பெரிய டாக்டருங்களே இன்னும் முடிவுக்கு வரல. சுரப்பியே வேலை செய்யாத பிள்ளைன்னா பேச்சே வேற. அதுக்கு ஒருநாள்கூடத் தள்ளக் கூடாது. மூளை வளர்றதே இந்த வயசுலதான். இப்ப சத்து சேரலைன்னா, நடக்கிறது, பேசறது, படிக்கிறது எல்லாமே அடிபட்டுடும். வளந்தப்புறம் எவ்வளவு குடுத்தாலும் விட்டது திரும்பாது."

பவுனம்மாள் மல்லாட்டை விற்றவள் மட்டுமல்ல. சிங்கவரத்தில் ஊரார் நிலத்தில் குனிந்து அதை விளைவித்தவளும்கூட. பூ இறங்கி விழுது மண்ணைத் தேடும் சமயத்தில் ஜிப்சம் உரம் போட்டு மண் அணைக்க வேண்டும். அந்த வாரத்தைத் தவறவிட்டவன் அப்புறம் மூட்டை மூட்டையாகக் கொட்டினாலும் செடி பச்சைப்பசேலென்று நிற்கும், பிடுங்கிப் பார்த்தால் காயெல்லாம் பருப்பில்லாத பொக்கு. அந்தப் பொக்குகளை அவள் கூடை கூடையாகப் பொறுக்கி எறிந்திருக்கிறாள்.

"மண் அணைக்கிற நேரமா டாக்டரம்மா இது?" என்றாள்.

டாக்டருக்கு அது புரியவில்லை. ராஜம்மாளுக்குப் புரிந்துவிட்டது. மருமகளின் முழங்கையைப் பிடித்து அழுத்தினாள். "பவுனு. வேணாம். சொல்லாத. என் ரெண்டும் போனது உனக்குத் தெரியுமில்ல?"

"தெரியும் அத்தை."

"சொன்னா இதுவும் போயிடும்டி."

"சொல்லலைன்னா இருந்தும் இல்லாமப் போயிடும் அத்தை" என்றவள், டாக்டர் பக்கம் திரும்பினாள். "எட்டு!"

சாதாரணமாகச் சொல்லத்தான் நினைத்தாள். ஆனால் வீட்டில் இத்தனை நாள் அடக்கி வைத்த சொல், பஸ் ஸ்டாண்டில் பழகிய தொண்டை. வராந்தாவில் மருந்துக்கு நின்ற வரிசை திரும்பிப் பார்த்தது. மாடியில் ஒரு வார்டுபாய் எட்டாம் நம்பர் கட்டிலுக்கு ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு ஓடினான் என்று ஜெயராமன் சொன்னான். அவன் சொன்னால் உண்மையாகத்தான் இருக்கும், அவனுக்குக் கதை கட்டத் தெரியாது.

"எட்டு மாசம் டாக்டரம்மா. எட்டு முடியற நேரம். ஏழு இல்ல. நாங்கதான் பொய் சொன்னோம்."

டாக்டர் திட்டவில்லை. உட்கார்ந்த நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

"எட்டு முடியப் போறப்பவா? அப்ப இவ்வளவு கம்மியா இருந்திருக்கக் கூடாது. இவ்வளவு மந்தமும் ஆகாது. சிஸ்டர், உடனே ரத்தம் எடுங்க. மெட்ராசிலிருந்து முடிவு வர்ற வரைக்கும் காத்திருக்க வேணாம், மாத்திரையை இன்னிக்கே ஆரம்பிச்சுடலாம்."

ராஜம்மாள் அங்கேயே சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு பிள்ளையையே பார்த்தாள், இப்போது போய்விடுமோ, அடுத்த மூச்சில் போய்விடுமோ என்று. டாக்டர் அவள் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார்.

"உங்க ரெண்டு குழந்தையும் எட்டாம் மாசத்தால போகலம்மா. அந்தக் காலத்துல சூடு காட்ட ஒரு பெட்டியில்ல, பால் குடிக்கத் தெம்பில்லாததுக்குப் புகட்ட வழியில்ல. மாசத்து மேல தப்பில்ல. உங்க மேலயும் இல்ல."

ராஜம்மாள் வாயிலிருந்து முந்தானையை எடுத்தாள். பிறகு கேட்டாள்: "மாத்திரைய எப்படிக் குடுக்கணும்?"

மெட்ராசிலிருந்து முடிவு வந்தபோது மூளையின் அதட்டல் உச்சத்துக்குப் போயிருந்தது. குறைமாசத்துப் பிள்ளைகளுக்கு அந்த அதட்டல் சில சமயம் தாமதமாகத்தான் கிளம்பும் என்றார் டாக்டர். தானாக ஏறிவிடும் குறை இல்லை இது. சுரப்பியே சரியாக அமையவில்லை.

அன்றிலிருந்து விடிந்ததும் வெறும் வயிற்றில் மாத்திரையை நசுக்கித் தாய்ப்பாலில் குழைத்துப் புகட்டுவது ராஜம்மாளின் வேலையாயிற்று. வேறு யாரையும் தொட விடமாட்டாள். மருந்துக் கிண்ணத்தை ஸ்பூனால் வழித்து, அதையும் விரலால் வழித்து, அந்த விரலையும் பிள்ளையின் நாக்கிலேயே தேய்ப்பாள். சில வாரம் போனதும் மீனாம்பாள் அழ ஆரம்பித்தாள். நல்ல அழுகை, தெரு தாண்டும் அழுகை. சமத்து என்று மெச்சியவர்களெல்லாம் தலையணையைக் காதில் அமுக்கிக்கொண்டு படுத்தார்கள். பவுனம்மாள் அவளைத் தூக்கி ஆற்றாமல் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டே நிற்பாள். "ஏண்டி, புள்ளை கத்துது பாரு" என்று ராஜம்மாள் அதட்ட வேண்டியிருக்கும்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று இங்கே முடித்தால் கேட்க நன்றாக இருக்கும், ஆனால் அப்படி நடக்கவில்லை. கமருன்னிசாவின் மகன் ஓடித் திரிந்தபோது மீனாம்பாள் சுவரைப் பிடித்து நின்றாள். அவன் ஊர்க்கதை பேசியபோது அவள் ஒவ்வொரு சொல்லாக, இடையில் இளைப்பாறிப் பேசினாள். மூன்று வயதில் டாக்டர் கொஞ்ச நாள் மாத்திரையை நிறுத்திவிட்டு ரத்தம் பார்த்தார். அதட்டல் மறுபடி ஏறிவிட்டது. ஆயுசுக்கும் மாத்திரை என்று ஆயிற்று. மரக்கட்டைகளை அடுக்கச் சொன்னார், படங்களைக் காட்டிப் பெயர் கேட்டார்.

"நிதானமா செய்யறா. ஆனா தப்பாச் செய்யல" என்றார்.

"தொலைஞ்சது எவ்வளவு டாக்டரம்மா? அந்தக் கொஞ்ச நாள்ல?"

"எனக்குத் தெரியாது பவுனம்மா. சொல்லத் தெரிஞ்சவங்க யாரும் இப்ப இல்ல. படிப்புல போகப் போகத்தான் தெரியும்."

அதனால்தான் பள்ளிக்கூடத்தில் சேர்க்கிற நாள் அந்த வீட்டுக்குப் பெரிய நாளாகிவிட்டது. ஒன்றாம் வகுப்பில் சேரும் பிள்ளை, வலது கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுவந்து இடது காதைத் தொட வேண்டும். தொட்டால் ஐந்து வயசு, தொடாவிட்டால் அடுத்த வருஷம். எண்பத்தெட்டு ஜூனில் தலைமை ஆசிரியர் இராமச்சந்திரன் முன்னால் மீனாம்பாள் கையை வளைத்தாள். விரல் உச்சந்தலையைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போய் நின்றுவிட்டது.

"கை போதலியே" என்றார் அவர்.

வாழ்நாளில் யாரிடமும் எதையும் கேட்காத ஜெயராமன் வாயைத் திறந்தான். "சார், வயசு ஆகப்போவுது சார். குள்ளமாப் பொறந்துட்டா. கூட ஒரு வருஷம் போட்டு எழுதிக்கிங்க சார்."

"வேணாம் சார்" என்றாள் பவுனம்மாள். "அவ வயசு அவளுக்கு. அடுத்த வருஷம் கூட்டியாறேன்."

அந்த வருஷம் முழுக்கத் தெருவில் போகிறவர் வருகிறவர் எல்லாம் மீனாம்பாளின் கையை இழுத்துப் பார்த்தார்கள். இழுத்த இழுப்பில் அது தரையைத் தொடாமல் போனதே ஆச்சரியம். அடுத்த ஜூன் வந்தது. நடு விரலின் நுனி காது மடலைத் தொட்டது. பட்டும் படாமல்தான், ஆனால் தொட்டது.

"சரி" என்று சொல்லிவிட்டு, இராமச்சந்திரன் எல்லாப் பிள்ளைகளிடமும் கேட்பதைக் கேட்டார். "உங்க வீட்ல யார் யார் இருக்காங்க?"

மீனாம்பாள் யோசித்தாள். அவளுக்கு யோசிக்க நேரம் பிடிக்கும்.

"அம்மா" என்றாள். பிறகு, "நைனா." பிறகு வெகுநேரம் கழித்து, "ஆயா."

பின்னால் இருந்த வரிசை நெளிந்தது. தலைமை ஆசிரியர், போதும் என்று தலையாட்டி அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டார். பவுனம்மாள் மகளின் தோளைப் பிடித்து நகர்த்தப் பார்த்தாள். மீனாம்பாள் நகரவில்லை.

"சார், நான் இன்னும் சொல்லி முடிக்கல."

இராமச்சந்திரன் நிமிர்ந்து பார்த்தார். பேனாவை மூடினார். அடுத்த பையனைக் கையமர்த்தினார். "சரிம்மா, சொல்லு."

"கோழி" என்றாள் மீனாம்பாள். நிறுத்தினாள். பள்ளிக்கூடமே காத்திருந்தது. "ரெண்டு ஆடு. அதுல ஒண்ணு எங்களுது இல்ல சார். அதுவா வந்து இருக்குது."